சிவப்புச் சங்கிரியா: இருபது பேருக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில்

மே 18, மாலை 6.10 (தெலுக் இந்தானிலிருந்து ஒரு கேள்வி)

மகள் போன வருடம் ஸ்பெயின் போய்விட்டு வந்ததிலிருந்து சங்கிரியா, சங்கிரியா என்று ஒரே பாட்டு. ஜூன் கடைசியில் அவளுடைய கூட்டாளிகள் இருபது பேர் வீட்டுக்கு வருகிறார்கள். சிவப்பு வைனில் பழத்தை வெட்டிப் போட்டால் சங்கிரியா ஆகிவிடும் என்கிறாள். அவ்வளவுதானா? மலிவான வைன் போதுமா? பிராந்தி கட்டாயமா? முதல் நாளே செய்து வைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

மே 18, இரவு 9.40

செய்து பார்த்தவன் சொல்கிறேன் அக்கா. மூன்று முறை செய்திருக்கிறேன், அதில் ஒரு முறைதான் குடிக்கிற மாதிரி வந்தது. ஜூன் 15-ம் தேதி நானும் செய்யப் போகிறேன். எங்கள் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் வருடத்துக்கு ஒரு தடவை பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டில் கூடுவார்கள், அதற்குத்தான். ஆகவே இதை எனக்கும் சேர்த்தே எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகள் சொன்னது பாதி சரி. வைன், பழம், இனிப்பு, கொஞ்சம் பட்டை, அதற்கு மேல் நேரம். அந்த நேரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இருபது பேருக்கு என் கணக்கு இது: 750 மில்லி வைன் நான்கு போத்தல், பிராந்தி 200 மில்லி, ஆரஞ்சுச் சாறு 600 மில்லி, சீனிப்பாகு 300 மில்லி, ஆரஞ்சு நான்கு, ஆப்பிள் மூன்று, எலுமிச்சை இரண்டு, விரல் நீளப் பட்டை இரண்டு. எல்லாவற்றையும் கலந்து ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் (உறையாத குளிர்ப் பகுதியில்) வைத்துவிட்டு மறுநாள் சோடா ஒன்றரை லிட்டர். சீனியை அப்படியே கொட்டாதீர்கள், குளிர்ந்த வைனில் சீக்கிரம் கரையாது, மணல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சம அளவு தண்ணீரில் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றுங்கள்.

மலிவான வைன் தாராளமாகப் போதும். நல்ல வைனை வாங்கி அதில் ஆப்பிளை வெட்டிப் போடுவது பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் இறங்குகிற மாதிரி.

மே 19, காலை 7.05

சோடாவைப் பற்றி அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பரிமாறுகிற நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். முதல் தடவை நான் ராத்திரியே ஊற்றி மூடி வைத்தேன். காலையில் நுரையும் இல்லை, சுறுசுறுப்பும் இல்லை, ஆறிப்போன சிராப்பு தண்ணீர் மாதிரி கிடந்தது. அதைக் குடித்த என் மச்சான் இன்றுவரை சங்கிரியா என்றாலே இருமல் மருந்தா என்று கேட்பார்.

மே 20, இரவு 10.15

'மலிவானது' என்று எழுதியதற்கு ஒரு வால் சேர்க்க வேண்டும். மலிவானது வேறு, கெட்டுப்போனது வேறு. பெரிய ஊர்களில் வைன் குளிர் அறையில் இருக்கும். நம் மாதிரி தோட்டத்து ஊர்களில் மளிகைக் கடைப் பலகையில், பிராந்திக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நடுவில், நட்ட நிலையில் தூசியோடு நிற்கும். எத்தனை மாதம் என்று தவுக்கேவுக்கே, கடை முதலாளிக்கே, தெரியாது. தகரக் கூரைக்குக் கீழே பகல் முழுக்க வேகும். இரண்டாவது முறை நான் அப்படி ஒரு போத்தலைத்தான் வாங்கினேன். திறந்ததும் வேகவைத்த கத்தரிக்காய் வாசம், வாயில் வைத்தால் காடி. கடைக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அந்த ஊரில் வைன் கேட்டுப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வாங்கும்போது பாருங்கள்: தக்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாலோ கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ சூட்டில் பட்டது என்று அர்த்தம். திருகு மூடி போட்ட புதிய வைன் நமக்குப் பாதுகாப்பு. ஸ்பெயினில் தெம்பிரானிய்யோ, கர்னாச்சா என்ற திராட்சை வகைகளில் செய்த இளம் வைனைப் போடுவார்கள். இங்கே அது கிடைக்காவிட்டால் மெர்லோ போதும். துவர்ப்பு அதிகமுள்ள கபர்னே வேண்டாம், குளிரக் குளிரத் துவர்ப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும், நாக்கில் கொட்டைப்பாக்கை உரசின மாதிரி. நான் இப்போது ஈப்போ போகும்போது 45 வெள்ளி (ரிங்கிட்) பக்கம் விலையுள்ள மெர்லோவாகப் பார்த்து எடுக்கிறேன். நான்கு போத்தல் என்றால் 180 வெள்ளி. மலிவு என்று நான் சொன்னதைப் படித்து வீட்டில் சிரித்தார்கள்.

மே 20, இரவு 10.40

அந்தக் காடி போத்தல் என்ன ஆனது என்று ரவாங் தம்பி கேட்கிறார். சித்தப்பா கோலா ஊற்றிக் குடித்துவிட்டார். எனக்கு அப்போது அருவருப்பாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, சிவப்பு வைனும் கோலாவும் சரிபாதி கலந்தால் அதற்கு பாஸ்க் நாட்டில் கலிமோச்சோ என்றே பெயர் இருக்கிறது. 1972-ல் அங்கே ஒரு ஊர்த் திருவிழாவுக்கு வாங்கிய வைன் கெட்டுப்போக, அதை மறைக்கக் கோலாவைக் கலந்ததில் வந்த பெயர் என்று கதை சொல்வார்கள். சித்தப்பா எந்தத் திருவிழாவுக்கும் போனவரில்லை. தன் சொந்த மூளையில் கண்டுபிடித்தார்.

மே 22, மதியம் 1.20

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். நான் செம்பனை ஆலை லேப்பில் இருக்கிறேன், எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் பிழைப்பு, ஆகவே எதையும் விழுக்காடாகப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. வைன் 13.5 விழுக்காடு என்று வைத்தால் நான்கு போத்தலில் சுத்தச் சாராயம் 405 மில்லி. மொத்தக் கலவை 5.6 லிட்டர். ஆக 7.2 விழுக்காடு. பரவாயில்லை, பீரைவிடக் கொஞ்சம் தூக்கல்.

மே 22, மதியம் 1.35

பிராந்தியைச் சேர்க்க மறந்துவிட்டேன். லேப்பில் இப்படிச் செய்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

200 மில்லி பிராந்தி, 40 விழுக்காடு, அது ஒரு 80 மில்லி. மொத்தம் 485. ஐந்தரைச் சொச்சம் லிட்டரில் 8.7 விழுக்காடு. இப்போது கதை வேறு. 320 மில்லி பீர் டின் ஒன்றில் 5 விழுக்காடு என்றால் 16 மில்லி சாராயம். 200 மில்லி சங்கிரியா ஒரு கிளாஸில் 17 மில்லிக்கு மேல். அதாவது ஒரு சின்ன கிளாஸ், ஒரு டின் பீரைத் தாண்டிவிடுகிறது, அதுவும் ஆரஞ்சு வாசத்தோடு, சர்பத்து மாதிரி. பீரை யாரும் தாகத்துக்கு மடக் மடக் என்று மூன்று டின் குடிப்பதில்லை. இதைக் குடிப்பார்கள். போன வருடம் குடித்தார்கள். பின்வாசல் பெஞ்சில் இரண்டு பேர் சாயங்காலம் ஆறு மணிவரை தூங்கினார்கள், நானும் வெயில் என்றுதான் நினைத்தேன்.

மே 22, இரவு 8.50

அக்கா, வருகிறவர்களில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். 2017 டிசம்பரிலிருந்து இந்த நாட்டில் மது வாங்க வயது 21. வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு பேச்சு, அந்தப் பிள்ளையின் அம்மா பார்ப்பார்.

மே 25, இரவு 11.30

இன்று ஒரு போத்தல் அளவில் சோதனை போட்டேன். அன்னிய ஊர்க் குடிதானே, நம் பழத்தைப் போட்டால் என்ன என்று ஒரு கிறுக்கு. நான்கு ஜாடி, ஒவ்வொன்றிலும் ஒரு பழம்.

அன்னாசி நன்றாக இருந்தது. எதிர்பார்த்ததுதான், புளிப்பும் வாசமும் இரண்டும் உண்டு, துண்டும் கரையவில்லை. கொய்யா, பீடோர் பக்கம் சாலையோரம் விற்கிற கெட்டிக் கொய்யா, பார்க்க ஆப்பிள் மாதிரியே இருக்கிறது, வாயில் போட்டால் வைன் வாசம், கடிக்க மொறுமொறு. நான் ஆப்பிளை விட்டுவிடப் போகிறேன். பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் நட்சத்திரம், ஜாடிக்கு அழகு, ருசிக்கு ஒன்றும் இல்லை. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் சிலர் வருகிறார்கள், அவர்களில் யாருக்காவது சிறுநீரகமும் பழுதாகியிருக்கலாம், அப்படிப் பழுதானவர்கள் பெலிம்பிங் சாப்பிடக் கூடாது என்பதால் அதையும் எடுத்துவிட்டேன்.

நான்காவது தம்புன் பம்பளிமாஸ். ஈப்போ போகிற வழியில் வரிசையாகத் தொங்குமே அதுதான். எனக்கு அதில்தான் பெரிய நம்பிக்கை. ஆறு மணிநேரத்தில் ஜாடி முழுக்க வேப்பங்கொழுந்து.

மே 26, காலை 6.45

ஏன் கசந்தது என்று ராத்திரி முழுக்க யோசனை. பம்பளிமாஸில் நாரிஞ்சின் என்ற கசப்பு இருக்கிறது, சுளையின் மெல்லிய தோலிலும் வெள்ளைப் பஞ்சிலும் அதிகம். நான் சோம்பலில் தோலோடு போட்டிருந்தேன். ஆரஞ்சிலும் இதே ஆபத்து உண்டு, வேறு வகையில். வெட்டிய உடனே கசக்காது, நேரம் போகப் போகத்தான் கசப்பு ஊறிவரும், நேவல் ஆரஞ்சில் அது கூடுதல். முதல் நாள் நான் எழுதின 'ராத்திரி முழுக்க' என்பதை அதனால் மாற்றுகிறேன்: ஆரஞ்சின் மஞ்சள் தோலை மட்டும் மெலிசாகச் சீவி ராத்திரி ஊறவிடுங்கள், வெள்ளையை உரித்து எறியுங்கள், வட்ட வட்டமாக வெட்டுகிற ஆரஞ்சைப் பரிமாறுவதற்கு நான்கு மணிநேரம் முன்னால் போட்டால் போதும். படத்தில் தோலோடு மிதக்கிறதே என்பார்கள். படம் எடுத்தவர் அதைக் குடித்தாரா என்று யாருக்குத் தெரியும்.

எலுமிச்சைக்குப் பதில் கஸ்தூரி லிமாவ் என்ற சின்னப் புளிப்பு எலுமிச்சையைப் பிழிந்தேன், இருபது காய். கொட்டையை வடிகட்டுங்கள். அதோடு 'அசாம் போய்' என்ற உப்பில் ஊறிக் காய்ந்த பிளம் நான்கு. சிரிக்காதீர்கள். அந்தச் சின்ன உப்பு, மெர்லோவின் துவர்ப்பை அப்படியே மழுக்கிவிட்டது.

மே 29, இரவு 9.00

பீடோர் அண்ணன் ஒருவர், கொய்யாவும் அசாம் போயும் போட்டால் அது சங்கிரியாவே இல்லை என்கிறார். சட்டப்படி அவர் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ல் ஒரு விதி போட்டார்கள், ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் செய்ததை மட்டும்தான் வெறும் 'சங்கிரியா' என்ற பெயரில் விற்கலாம். சாராய அளவும் அதில் சொல்லியிருக்கிறது, 4.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, 12-ஐத் தொடக் கூடாது. என்னுடையது 8.7, அந்த வகையில் பாஸ். நான் விற்கப் போவதில்லை அண்ணே, இங்கிருந்து அவர்கள் வந்து பிடிக்கப் போவதும் இல்லை.

பெயரே 'சங்கிரே' என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், ரத்தம் என்று அர்த்தம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் கூடத்தில் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் அமெரிக்காவில் அது பரவியது. ஸ்பெயின்காரர்களே வெயில் நாளில் வீட்டில் இவ்வளவு மெனக்கெடுவதில்லை, வைனில் இனிப்புச் சோடாவை ஊற்றி 'திந்தோ தெ வெரானோ', கோடைச் சிவப்பு என்று குடிக்கிறார்கள். கோடை என்று ஒன்று தனியாக வந்து போகிறவர்களுக்கு அதற்கென்று ஒரு குடி. நமக்கு வருடம் பூரா கோடை, அதனால்தானோ என்னவோ கஸ்தூரி லிமாவோடு நிறுத்திக்கொண்டோம்.

ஜூன் 1, இரவு 11.55

கோடையோடு முடித்துவிட்டேன், ஆனால் நமக்கும் ஒரு குடி இருந்தது, அதைச் சொல்லாமல் இது முழுமையாகாது. கள்.

எங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ரப்பர் பால் நிறுத்து முடித்து சாயங்காலம் அப்பா அங்கே போவார். கள் காலையில் இனிக்கும், மதியத்தில் புளிக்கும், மறுநாள் காடி, அதனால் அன்றன்றைக்கு அன்றன்றைய கள், அன்றன்றைய கூலி. தோட்டத்து முதலாளிமார்களே கடை வைக்க இடம் கொடுத்த காலம். அதை எதிர்த்தவர்களும் நம் ஆட்கள்தான். கெடாவில் 1940-களில் தொண்டர் படை என்று கிளம்பி கள்ளுக்கடைகளை மறித்தார்கள், 1947-ல் போலீசோடு மோதல்வரை போனது. எங்கள் பக்கத்தில் அப்படி எவரும் வரவில்லை. அம்மா மட்டும் தனியாக மறியல் செய்தார், கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு. அப்பா வாசலில் உட்கார்ந்து, பாடவும் மாட்டார் திட்டவும் மாட்டார், கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார், மெதுவாக. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் மூன்று வருடத்துக்கு முன்வரை தண்ணி கிடையாது. ஆனால் வருகிற ஆண்கள் காரில் கொண்டுவருவார்கள். பின்பக்கம் போய் நின்று, பேப்பர் கப்பில், வேக வேகமாக. சாப்பாட்டுக்கு வரும்போது பாதிப் பேர் நிதானத்தில் இருக்க மாட்டார்கள். ஒளித்துக் குடிக்கிறதுதான் நம்மைக் கெடுக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். நடுவீட்டில் மேசைமேல், எவ்வளவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு ஜாடி வைத்தால் என்ன என்றுதான் இதை ஆரம்பித்தேன்.

ஜூன் 2, காலை 8.10

'குடிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். போன வருடம் பெஞ்சில் தூங்கிய இரண்டு பேரும் நடுவீட்டு ஜாடியில் குடித்தவர்கள்தான். நேற்று எழுதியதை நானே இன்றைக்கு அவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன்.

ஜூன் 5, இரவு 10.20

பிராந்தி கட்டாயமா என்று முதல் நாள் கேட்டீர்கள், நான் பதிலே சொல்லவில்லை.

கட்டாயம் இல்லை. பழத்துக்குள் வாசம் இறங்க அது உதவும், உடம்பு கொடுக்கும். ஆனால் 80 மில்லி சாராயத்தைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளுவதும் அதுதான். ஆரஞ்சு லிக்கர் ஊற்றச் சொல்கிறார்கள், அதுவும் அப்படியே, விலையும் அதிகம். எங்கள் அலமாரியில் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது வாங்கிய பெனடிக்டின் டாம் கால் போத்தல் கிடந்தது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சூடாகட்டும் என்று கொடுப்பார்களே, அதே போத்தல். பிரான்சு நாட்டு மூலிகை மது. தேனும் கிராம்பும் கலந்த வாசம், பட்டையோடு ஒத்துப்போகும் என்று இரண்டு மேசைக்கரண்டி விட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அம்மா அந்தப் பக்கம் போனவர் நின்று, மோந்து பார்த்துவிட்டு, "என்னடா பிள்ளை பெத்த வீடு மாதிரி வாசம் அடிக்குது" என்றார். அதற்குமேல் எனக்கு அதைக் குடிக்க முடியவில்லை.

முடிவு: பிராந்தியும் இல்லை, டாமும் இல்லை. வைன் நான்கு போத்தல், சாறு 600, பாகு 300, சோடா இரண்டு லிட்டர். 5.9 லிட்டரில் 405 மில்லி, 6.9 விழுக்காடு. ஐஸ் கரைந்தால் ஆறு.

ஜூன் 7, இரவு 7.30

'வரி ஒட்டில்லாத பிராந்தி பாதி விலைக்குக் கிடைக்கும், தெரிந்த ஆள்' என்று எழுதியவருக்கு. வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கில் எத்தனை பேர் செத்தார்கள் என்று மறந்துபோனதா? மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆரஞ்சுச் சாற்றில் கலந்தால் சுத்தமாக முடியாது. நம் அப்பன்மார்கள் சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்துக் கண்ணவிந்த கதை போதும்.

ஜூன் 9, மாலை 5.00

ஐஸ். டியூப் ஐஸை ஜாடியில் கொட்டினால் நம் வெயிலில் இருபது நிமிடத்தில் செங்கல் கழுவின தண்ணீர். பழைய ஐஸ் கிரீம் டப்பா இருக்கும், கறி வைத்திருப்பீர்கள், நன்றாகக் கழுவி அதில் தண்ணீர் ஊற்றி ஒரே பாளமாக உறையவிடுங்கள். பெரிய பாளம் மெதுவாகக் கரையும். அதைவிட நல்லது, அன்னாசித் துண்டை முதல் நாளே உறையவைத்து ஐஸுக்குப் பதிலாகப் போடுவது.

குழாய் வைத்த கண்ணாடி ஜாடி வாங்காதீர்கள். பார்க்க ஹோட்டல் மாதிரி இருக்கும், பத்தாவது நிமிடம் ஆப்பிள் துண்டு குழாயை அடைத்துக்கொள்ளும். போன வருடம் கம்பி விட்டுக் குத்தினேன். இந்த வருடம் அகல வாய் ஜாடி, 8 லிட்டர், கரண்டியால் மொண்டு ஊற்றுவது.

சோடாவுக்குப் பதில் '100 பிளஸ்' என்ற டின் பானம் ஊற்றலாமா என்றால், அசாம் போய் போடாவிட்டால் ஊற்றலாம், அதில் உப்பு இருக்கிறது, இனிப்பும் இருக்கிறது, பாகைப் பாதியாக்குங்கள். ஐஸ் கிரீம் சோடா வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஜூன் 9, இரவு 9.15

குடிக்காதவர்களுக்கு என்ன என்று கிள்ளான் அக்கா கேட்டது நியாயம். காய்ந்த ரோசெல் பூ 40 கிராம், கேமரன் மலைத் தேயிலை இரண்டு பை, பட்டை ஒன்று, கொதிக்கிற தண்ணீர் இரண்டு லிட்டர், தேயிலையை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பூ நிறத்தையும் புளிப்பையும் கொடுக்கும், தேயிலை வைனின் துவர்ப்பைக் கொடுக்கும். ஆறியதும் அதே பழம், அதே கஸ்தூரி லிமாவ். திராட்சை ஜூஸில் செய்தால் பிறந்தநாள் தண்ணி மாதிரி இருக்கும்.

எங்கள் கூட்டத்துக்கு மலாய்க்காரர் ஒருவர் வருவார், முஸ்லிம், குடிக்க மாட்டார், தோட்டத்து லாரி ஓட்டியவர், அப்பாவின் சிநேகிதர். அவருக்கு இரண்டு ஜாடியும் ஒரே நிறத்தில் ஒரே மேசையில் இருந்தால் எப்படி இருக்கும்? அவர் வந்து சாப்பிட்டுப் போகிறவரை வைன் ஜாடி ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வராது. அவருக்குத் தனிக் கரண்டி, புது கிளாஸ், திறக்காத பெட்டி ஜூஸ். நடுவீடு, ஒளிக்காமல் என்று பெரிதாக எழுதினேனே ஜூன் 1-ல், அதற்கும் ஒரு நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 16, மதியம் 12.40

நேற்று முடிந்தது. முப்பத்தோரு பேர். கோழிப் பிரட்டல், ஆட்டு எலும்பு ரசம், சோறு, அப்பளம், கொஞ்சம் சண்டை.

ஜாடியை மூன்று மணிக்கு எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கருஞ்சிவப்பில் அன்னாசி மஞ்சளாக மின்னியது. ஒரு அட்டையில் 'இது ஜூஸ் இல்லை, ஒரு கிளாஸ் முக்கால் டின் பீர்' என்று எழுதி ஜாடியில் ஒட்டினேன். அட்டையில் இருந்த எழுத்துப் பிழையை ஒரு பெரியப்பா மூன்று முறை சுட்டிக்காட்டினார், அந்தச் சாக்கில் எல்லாரும் அட்டையைப் படித்தார்கள். கார் ஓட்டுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், 2020-க்குப் பிறகு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம்தான் எல்லை, முன்னே 80. முதல் தடவை பிடித்தாலே பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாமல் அபராதம். பத்தாயிரம் என்றதும் சாவியைப் பெண்டாட்டியிடம் கொடுத்தவர்கள் நான்கு பேர்.

நான் யோசிக்காத இடத்தில்தான் வந்தது. கிளாஸைக் குடித்து முடித்துக் கீழே பழத்தை விட்டுவிடுகிறார்கள். மேசையில் பத்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் சிவந்த கொய்யாத் துண்டு. தங்கையின் மகள், ஏழு வயது, முள்கரண்டியோடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். பார்த்தது அம்மாதான். கையைப் பிடித்துத் துப்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு துண்டுதான், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது. சோடா ஊற்றுவதற்கு முன் ஊறிய பழம், பத்து விழுக்காட்டுச் சாற்றில் ராத்திரி முழுக்கக் கிடந்தது. தண்ணீர் சேர்த்ததால் ஜாடிதான் நீர்த்தது, பழம் அவ்வளவு சீக்கிரம் நீர்க்காது. லேப்பில் இருக்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

பழத்தையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். அதற்குப் பிறகு ஜாடியில் பாதி இருந்தது, ஒருவரும் கேட்கவும் இல்லை. ரோசெல் ஜாடி அதற்கு வெகு முன்னாலேயே காலி.

ஜூன் 16, இரவு 10.05

அக்கா, ஆகவே உங்களுக்கு: சின்னப் பிள்ளைகள் வருகிற வீடு என்றால் பழத்தை வடிகட்டிவிட்டு சாற்றை மட்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். அழகுக்கு வேண்டுமானால் ஆரஞ்சு வட்டம் ஒன்று கிளாஸ் விளிம்பில், ஊறாதது. இதைச் சங்கிரியா இல்லை என்று பீடோர் அண்ணன் சொல்வார், சொல்லட்டும்.

ஜூன் 17, இரவு 9.30

மீந்ததை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழத்தை எடுத்துவிட்டால் ஐஸ் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும், நுரை இருக்காது. நான் பாதியைச் சுண்டக் காய்ச்சினேன், பாகு மாதிரி வந்தது, வெனிலா ஐஸ் கிரீமில் ஊற்றினால் நன்றாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் கூட்டம் முடிந்த கையோடு டுரியான் பழம் கொண்டுவந்தார். வைனும் டுரியானும் சேர்ந்தால் ஆள் காலி என்று பெரியவர்கள் எல்லாரும் பின்வாங்கிவிட்டார்கள். மூடநம்பிக்கை என்று நான் முன்பு சிரிப்பேன். ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தில் 2009-ல் சோதித்திருக்கிறார்கள், சாராயம் உடம்பில் உடையும்போது வருகிற நச்சை அகற்றுகிற நொதியை டுரியானின் கந்தகச் சத்து 70 விழுக்காடுவரை மட்டுப்படுத்தியதாம். சோதனைக் குழாயில்தான், ஆளிடம் இல்லை. ஆள் காலி ஆகமாட்டான், முகம் சிவந்து குமட்டலாம். எதற்கு வம்பு என்று நானும் மறுநாள்தான் சாப்பிட்டேன்.

ஜூன் 30, இரவு 8.20

தெலுக் இந்தான் அக்கா எழுதியிருக்கிறார்: பிராந்தி இல்லாமல் செய்தார்களாம், கொய்யா எல்லாருக்கும் பிடித்ததாம், மகள் மட்டும் இது ஸ்பெயினில் குடித்த மாதிரி இல்லை என்றாளாம். இருக்காது அக்கா. பட்டை இரண்டு அதிகம், ஒன்று போதும் என்றும் சொல்கிறார். சரிதான், எனக்கும் அப்படித்தான் பட்டது, திருத்திக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் செய்வேனா என்று ரவாங் தம்பி கேட்கிறார். தெரியாது. அந்த 8 லிட்டர் ஜாடியை அம்மா வெந்நீர் ஊற்றி மூன்று முறை கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, நேற்று எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிட்டார். மூடியில் துணி கட்டி ஐஸ் பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறார். நாற்பது நாளைக்குத் தொடக் கூடாதாம்.